போர்ட் மூன்று, எரியும் திரை இரண்டு: பழைய டெஸ்க்டாப்பில் பல மானிட்டர்கள்

கேள்வி: என்னுடையது 3-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 டெஸ்க்டாப். பின்னால் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ என மூன்று போர்ட்டுகள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எந்த இரண்டில் மானிட்டரைச் செருகினாலும் ஓடுகிறது. மூன்றாவதைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று இருண்டுவிடுகிறது. கேபிளையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

பதில்: கேபிள் மேல் பழி போடாதீர்கள். போர்ட் எத்தனை என்பது ஒரு கணக்கு. ஒரே நேரத்தில் எத்தனை திரை எரியும் என்பது வேறு கணக்கு. விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றுமே, திரையின் ரெசல்யூஷனுக்குத் தகுந்த கிளாக் துடிப்பை, அதாவது படம் திரைக்குப் போகும் வேகத்தை நிர்ணயிக்கும் மின்துடிப்பை, தனித்தனியாகக் கேட்பவை. 1920×1080 திரை 60 ஹெர்ட்ஸில் ஓட 148.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 2012-இல் வந்த உங்கள் தலைமுறைச் சிப்பால் மூன்று படங்களைத் தயாரிக்க முடியும். ஆனால் கிளாக் உண்டாக்கும் சுற்றுகள் அதில் இரண்டுதான். ‘டிஸ்ப்ளே போர்ட்’ என்று இன்னொரு வகை இணைப்பு உண்டு. அது நிலையான வேகங்களில் ஓடுவதால், அப்படிப்பட்ட இரண்டு திரைகள் ஒரே சுற்றைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே, இந்தத் தலைமுறையில் மூன்று திரை வேண்டுமென்றால் அவற்றில் இரண்டு டிஸ்ப்ளே போர்ட் வழியாகப் போக வேண்டும். உங்கள் போர்டில் அது ஒன்றுகூட இல்லை. 2-ஆம் தலைமுறையில் என்ன செய்தாலும் இரண்டுதான். 4-ஆம் தலைமுறையில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

ஆகவே ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டு போடுங்கள். எழுத்து, கணக்கு, உலாவி வேலைக்கு விலை உயர்ந்தது வீண். தனி பவர் கேபிள் கேட்காத கார்டு போதும். ஜிடி 710 வகை 19 வாட்தான் எடுக்கும், நீண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை தரும். ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரக் கார்டு வேண்டும். அதைக் கேபினட்டில் திருகிப் பொருத்தும் குட்டை உலோகப் பட்டையும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பழைய கார்டு கைக்கு வந்தால் கவனம்: என்விடியாவின் 600 வரிசைக்கு முந்தையவற்றில் போர்ட் மூன்று இருந்தாலும் கார்டுக்கு இரண்டு திரைதான். ஏஎம்டியின் ரேடியான் எச்டி 5000 வரிசையிலும் இதே கிளாக் கதைதான்; மூன்றாவது திரை டிஸ்ப்ளே போர்ட்டிலோ, அதில் செருகிய ஆக்டிவ் அடாப்டரிலோ (சிக்னலை மாற்றும் சிப் உள்ளது) இருக்க வேண்டும். அந்தச் சிப் இல்லாத பேசிவ் அடாப்டர் உதவாது.

கேள்வி: கார்டு போட்டதும் மதர்போர்டில் செருகியிருந்த மானிட்டர் செத்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாதா?

பதில்: முடியும். கார்டைக் கண்டதும் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) சிபியுவோடு வரும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகிறது. பயாஸுக்குள் போய் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ அல்லது ‘இன்டர்னல் கிராபிக்ஸ்’ என்ற வரியைத் தேடி ‘எனேபிள்ட்’ ஆக்குங்கள். முதன்மை டிஸ்ப்ளே என்பதில் ‘பிஇஜி’ அல்லது ‘பிசிஐஇ’ இருக்கட்டும், இரண்டும் கார்டைத்தான் குறிக்கும். சேமித்து வெளியேறி, உள் கிராபிக்ஸ், கார்டு இரண்டுக்கும் டிரைவர் போடுங்கள். சில பிராண்டட் கணினிகளில் அந்த வரியே இருக்காது. அப்போது எல்லாவற்றையும் கார்டில்தான் செருக வேண்டும்.

கேள்வி: டிவிஐ–விஜிஏ மாற்றுச் செருகி என் போர்ட்டில் நுழையவே மாட்டேன் என்கிறது.

பதில்: அழுத்தாதீர்கள், பின் வளைந்துவிடும். டிவிஐ போர்ட்டின் ஓரத்தில் தட்டையான துளை ஒன்று இருக்கும். அதற்கு மேலும் கீழும் நான்கு சிறு துளைகள் இருந்தால் டிவிஐ–ஐ. விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் சிக்னல் உண்டு. இல்லையென்றால் டிவிஐ–டி, அனலாக் அறவே கிடையாது, ஆக்டிவ் மாற்றி தேவை. மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம். டிவிஐ–எச்டிஎம்ஐ கேபிள் போதும், இரண்டின் படச் சிக்னலும் ஒன்றுதான். ஒலிக்கு மட்டும் தனி வயர் தேவைப்படலாம்.

கேள்வி: விஜிஏ-வில் செருகிய திரை 1024×768-க்கு மேல் போகவில்லை. எழுத்தும் மங்கல்.

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள். மானிட்டர் தன் அளவைச் சொல்ல 12, 15-ஆம் பின்களைப் பயன்படுத்துகிறது. மட்டமான கேபிள்களில் இந்த வயர்களே இருக்காது; மல்டிமீட்டரில் இரு முனைகளுக்கும் தொடர்ச்சி பார்த்தால் தெரிந்துவிடும். கேபிளை மாற்றுங்கள். 9-ஆம் பின் இல்லாததைக் கண்டு பதற வேண்டாம், பல கேபிள்களில் அப்படித்தான்.

மங்கலுக்கு மானிட்டரின் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’. ஆனால் கறுப்பு வால்பேப்பரின் மேல் அதை அழுத்தினால் படத்தின் விளிம்பைக் கண்டுபிடிக்க முடியாமல் தாறுமாறாக நகர்த்திவிடும். எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்துவைத்து அழுத்துங்கள். இன்னும் எழுத்தின் ஓரம் நடுங்கினால் மெனுவில் ‘பேஸ்’ (Phase) மதிப்பை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குங்கள்.

கேள்வி: எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும், அவ்வளவே. கார்டு போட இடமே இல்லையென்றால் யுஎஸ்பி வழியாகத் திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர் உண்டு. பழைய கணினியின் யுஎஸ்பி 2.0-வில் மின்னஞ்சல், ஆவணம் தாங்கும், வீடியோ திக்கும். படத்தைச் சுருக்கும் வேலையும் சிபியு தலையில் விழும். நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள்.