சொந்த நெலத்துல போர் கெணறு போட்டா யாரு கேக்கறது? டோபி கடை அண்ணனுக்கு பதில்

பெஸ்தாரி ஜெயாவுல (நம்ம ஆளுங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) டோபி கடை (துணி தொவைக்கற கடை) வச்சிருக்கற ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. அடிக்கடி பைப்புல தண்ணி நின்னுடுது, கடைக்குப் பின்னால சொந்த நெலம், கிராண்டு (நெலப் பட்டா) என் பேர்ல, 60 மீட்டர் போர் போட்டுத் தரேன்னு ஒருத்தன் வந்து நிக்கறான், லைசென்ஸெல்லாம் அவனே பாத்துக்கறானாம், போடலாமா?

போடலாம்ணே, ஆனா அவன் சொல்ற மாதிரி இல்ல. கிராண்டு உங்க பேர்ல இருந்தாலும் கீழ இருக்கற தண்ணிய வியாபாரத்துக்கு எடுக்கணும்னா சிலாங்கூர்ல லுவாஸ்கிட்ட (மாநிலத்தோட தண்ணி நிர்வாக வாரியம்) லைசென்ஸ் வாங்கணும், அது 1999 மாநிலச் சட்டம். தரைய தோண்டறது வேற கணக்கு, அதுக்கு 1974 நிலவியல் ஆய்வுச் சட்டம், அத பாக்கறது கூட்டரசோட ஜேஎம்ஜி (கனிம, புவி அறிவியல் இலாகா). ஒரே ஓட்டைக்கு ரெண்டு ஆபிஸ். இங்க போனா அங்க போன்னு சொல்றாங்க, ஒரு சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி ஒரே கவுன்டர்ல சொல்றதுக்கு ஏன் இத்தன வருஷமா முடியலன்னு எனக்கு வயிறு எரியுது.

இந்தக் குழப்பத்துலதான் ரன்னருங்க (காசு வாங்கிட்டு லைசென்ஸ் வேலைய முடிச்சுத் தர்ற தரகருங்க) பொழப்பு ஓடுது. மொத தந்திரம், சுற்றுச்சூழல் அறிக்கை போடணும், அதுக்குத் தனியா காசுன்னு கேப்பான். நம்பாதீங்க, நிலத்தடித் தண்ணிக்கு அந்த அறிக்கை ஒரு நாளைக்கு 4,500 கன மீட்டர் எடுக்கற பெரிய திட்டத்துக்கு, அதாவது 45 லட்சம் லிட்டர், உங்க மெஷினு எத்தன இருந்தாலும் அங்க போகாது. ரெண்டாவது, விண்ணப்பத்த அவன் பேர்ல போட்டுடுவான், பெறகு ஆபிசருங்க வந்து நின்னா உங்க கையில ஒரு பேப்பரும் இருக்காது. மூணாவதுதான் ஆழம். எங்கிட்ட வந்த ஒரு கேஸ்ல பில்லுல 80 மீட்டர்னு இருந்துச்சு, நைலான் கயித்துல இரும்புத் துண்டு கட்டி எறக்குனோம், 47லயே தட்டிடுச்சு, மண்ணு சரிஞ்சிடுச்சுன்னு கூசாம சொன்னான். அதனால தோண்டறப்ப ஒவ்வொரு மூணு மீட்டருக்கும் வர்ற மண்ண பிளாஸ்டிக் பையில போட்டு ஆழத்த எழுதி வரிசையா வைக்கச் சொல்லுங்க, நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க.

தாத்தா காலத்துல லயத்துல கெணறு இருந்துச்சே, அப்ப யாரு லைசென்ஸ் கேட்டான்னு கேப்பீங்க. வீட்டுல குளிக்க, தொவைக்க, செடிக்கு ஊத்தன்னு இருக்கற சின்னக் கெணறு வேற, அத வியாபாரத்தோட சேத்துப் பாக்கக் கூடாது. ஆனா அதே கெணத்துல இருந்து ஒரு ஹோஸ் இழுத்து கடை மெஷினுக்கு விட்டீங்கன்னா அப்ப அது வியாபாரம்தான், வீடு பின்னால கடை முன்னாலன்னு சொன்னாலும், ஒரே டேங்க்கு ஒரே மோட்டார்னு சொன்னாலும், பக்கத்து வீட்டுத் துணிய காசு வாங்கிட்டு தொவைச்சாலும் அதேதான். போர் பைப்ப சப்ளை பைப்போட எப்பவும் சேக்காதீங்க, அழுக்குத் தண்ணி லைனுக்குள்ள ஏறிடும்.

இதெல்லாத்தையும் விட உங்க தொழிலுக்கு ஒரு பெரிய வில்லங்கம் இரும்பு. நம்ம நாட்டு நிலத்தடித் தண்ணியில பல எடத்துல இரும்பும் மங்கனீசும் நெறைய இருக்கும், எறைக்கறப்ப கண்ணாடி மாதிரி தெரியும். வெள்ள பக்கெட்டுல புடிச்சு ராத்திரி வைங்க, காலையில அடியில செம்மண் கரைச்ச மாதிரி படிஞ்சிருக்கும், கல்யாண வேட்டிய அதுல போட்டா அவ்வளவுதான். அதுவும் பழைய ஈயலம்போங் (ஈயம் தோண்டுன சுரங்கக் குட்டை) கிட்டன்னா இரும்போட நிக்காம ஆர்செனிக்கும் சேத்து லேப்ல பாக்கச் சொல்லுங்க.

காச மொத்தமா குடுக்காதீங்க, மூணா பிரிச்சுக் குடுங்க, லைசென்ஸ் உங்க பேர்ல கைக்கு வர்றதுக்கு முன்ன போர் தோண்டற மெஷின் லோரி உள்ள வரக்கூடாது, கடைசிப் பங்கு பம்ப் டெஸ்டும் லேப் ரிப்போர்ட்டும் வந்த பெறகுதான். அதுக்கு ஒத்துக்காதவன வாசல்லயே அனுப்பிடுங்கண்ணே.