மூக்குக்கு எத்தனை பட்டப்பெயர்?

கேள்வி: அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் மூக்கை ‘ஷ்னாஸ்’ என்கிறார்களே, இது எங்கிருந்து வந்த சொல்? நாமும் பேச்சில் பயன்படுத்தலாமா?

பதில்: வந்த வழி யிட்டிஷ். நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வாழ்ந்த யூதர்களின் வீட்டுமொழி அது. ஜெர்மன் மொழிக்கு உறவு, எழுத்து மட்டும் எபிரேயம். அதில் ‘ஷ்னாய்ட்ஸ்’ என்றால் விலங்கின் துருத்திய மூஞ்சி. அதைச் செல்லமாகச் சொன்னால் ‘ஷ்னாய்ட்ஸ்ல்’. ஜெர்மனில் இதன் உறவுக்காரச் சொல் ‘ஷ்னவுட்ஸ’. தாடி மீசையோடு திரியும் ஷ்னவுட்ஸர் நாய்க்குப் பெயர் வந்ததும் அதிலிருந்துதான்.

1880களிலிருந்து 1924 வரை லட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களுடைய சொற்கள் நியூயார்க்கின் தெருக்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் புழங்கின. 1930ஐ ஒட்டி ‘ஷ்னாஸில்’ என்ற வடிவம் அச்சில் தலைகாட்டுகிறது. அது சுருங்கி ‘ஷ்னாஸ்’ ஆனது 1940களில். யிட்டிஷிலிருந்து வந்திருக்கவேண்டும் என்றே அகராதிகளும் சொல்கின்றன. ஆனால் ‘அநேகமாக’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துத்தான். சொல்லைப் பிரபலமாக்கியவர் பெரிய மூக்குக்குப் பேர்போன நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டி (1893–1980). ‘ஷ்னாஸோலா’ என்பது அவருடைய பட்டப்பெயர். இத்தனைக்கும் அவர் யூதர் அல்ல, இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை!

உச்சரிப்பில் பலர் தடுக்கி விழுவது தொடக்கத்தில்தான். எஸ், சி, எச் மூன்றும் சேர்ந்து வந்து, அடுத்தது எம், என், எல் போன்ற மெய்யெழுத்தானால் ‘ஷ்’ என்று சொல்லுங்கள். அடுத்தது உயிரெழுத்தானால் பெரும்பாலும் ‘ஸ்க்’: ஸ்கூல், ஸ்கீம் போல. முடிவில் ஒலிப்பது எஸ் அல்ல, இஸட். அந்த இஸட் ஒன்றோ இரண்டோ, எப்படி எழுதினாலும் சரியே.

நண்பர்களுக்குள் கேலியாகச் சொல்லலாம். கடிதம், மருத்துவக் குறிப்பு, நேர்காணல் எதிலும் வேண்டாம். இந்தச் சொல்லில் ‘பெரிய மூக்கு’ என்ற கிண்டலும் ஒட்டியிருக்கிறது. யூதர்களின் மூக்கைப் பரிகசித்த இழிவான வரலாறு ஒன்று உண்டு என்பதால், அவர்களைப் பார்த்துச் சொன்னால் வேடிக்கையாக இருக்காது, வசையாகிவிடும்.

கேள்வி: ஸ்னிஃப் (மோப்பம்), ஸ்னோர் (குறட்டை), ஸ்னார்ட் (மூக்கால் சீறுதல்), ஸ்னவுட் (விலங்கின் மூஞ்சி)... மூக்குச் சொற்கள் எல்லாம் ‘ஸ்ன’வில் தொடங்குவது தற்செயலா?

பதில்: முழுக்கத் தற்செயல் அல்ல. ஒரே ஒலிக்கூட்டம் ஒரே பொருளை இழுத்துவருவதை மொழியியலில் ‘ஃபோனஸ்தீம்’ என்பார்கள். தும்மலுக்கான ‘ஸ்னீஸ்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ன்’ என்ற ஒலியில் தொடங்கியது. பிறகுதான் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தது. அதற்காக ‘ஸ்ன’ வந்தாலே மூக்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்னோவும் ஸ்னேக்கும் இருக்கின்றனவே!

கேள்வி: ‘ஸ்னூட்டி’ என்பதும் மூக்கா?

பதில்: ஆமாம். ‘ஸ்னூட்’ என்பது ‘ஸ்னவுட்’டின் ஸ்காட்லாந்து வடிவம். மூக்கை உயர்த்திக்கொண்டு மற்றவரை அற்பமாகப் பார்ப்பவர் ஸ்னூட்டி. ஒளியைக் குறுக்கி ஓரிடத்தில் விழவைக்க ஃப்ளாஷ் விளக்கின் முன்னால் மாட்டும் குழாயையும் புகைப்படக்காரர்கள் ஸ்னூட் என்பார்கள். பிரிட்டனில் மூக்குக்கு ‘காங்க்’ என்றொரு பேச்சுச்சொல் 1800களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. இயந்திரம் நின்றுபோனால் சொல்லும் ‘காங்க் அவுட்’டோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.