கருவின் மூளையில் 'வெயின் ஆஃப் கேலன்' கோளாறு என்கிறார்கள், குழந்தை பிழைக்குமா?

ஐந்தாம் மாத ஸ்கேன் நார்மல், எட்டாம் மாதத்தில் இப்படிச் சொல்கிறார்கள், முன்பே கோட்டை விட்டார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கரு ஸ்கேன் பார்ப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் யாரும் கோட்டை விட்டிருக்க மாட்டார்கள். 'வெயின் ஆஃப் கேலன்' என்பது மூளையின் நடுவில் ஆழத்தில் இருக்கும் பெரிய சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். அதில் வரும் இந்தக் கோளாறு 6 முதல் 11 வாரத்துக்குள்ளேயே உருவாகிவிடுகிறது, ஆனால் ரத்த ஓட்டம் கூடி அந்தச் சிரை வீங்கிய பிறகுதான், அதாவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான், கண்ணுக்குத் தெரியும். தாய் சாப்பிட்டதாலோ வேலை செய்ததாலோ வருவதில்லை, அந்தக் குற்ற உணர்ச்சியை இப்போதே விட்டுவிடுங்கள்.

திரையில் மூளையின் நடுக்கோட்டில், தலாமஸ் என்ற உட்பகுதிக்குப் பின்னால், கறுப்பாக ஒரு பை தெரியும். வெறும் நீர்க்கட்டியும் அப்படித்தான் இருக்கும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டதும் அது சிவப்பும் நீலமுமாகச் சுழன்று நிறைந்தால் உள்ளே ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம்.

தமனி ரத்தம் நுண்குழாய்கள் வழியாகப் போகாமல் நேராகச் சிரையில் கொட்டுவதுதான் சிக்கல். வயிற்றுக்குள் இருக்கும்வரை நஞ்சுக்கொடி ரத்தத்தில் பெரும் பங்கை இழுத்துக்கொள்வதால் இதயம் சமாளித்துவிடும். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்தப் பங்கும் மூளைப் பக்கம் திரும்ப, முதல் சில நாட்களிலேயே இதயம் திணறலாம். அதனால் பிரசவம் எங்கே என்பது மிக முக்கியம்: பச்சிளங்குழந்தை ஐசியுவும், ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் நிபுணரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

பிழைக்குமா என்பதைக் கோளாறின் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கருவிலேயே இதயம் பெரிதாகி, வால்வு கசிந்து, உடலில் நீர் கோத்திருந்தால் நிலைமை கடினம். எம்ஆர்ஐயில் மூளைத் திசு ஏற்கெனவே கரைந்திருந்தால் அதைவிடக் கடினம், ஏனென்றால் குழாயை அடைத்தாலும் போன திசு திரும்பாது. இரண்டும் நன்றாக இருந்து, ரத்தம் வடியும் சிரையும் குறுகலாக இருந்தால் நான் தைரியமாகவே பேசுவேன். பிறந்த பிறகு குழந்தையின் உடல்நிலையை அளக்க, பிசேத்ர் ஸ்கோர் என்று 21க்கு மதிப்பெண் போடுவார்கள். 12க்கு மேல் என்றால் சில மாதம் காத்திருந்து, தொடை ரத்தக்குழாய் வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, பசையோ காயில் என்ற உலோகச் சுருளோ வைத்து அடைப்பார்கள். 8 முதல் 12 என்றால் உடனே. 8க்குக் கீழே என்றால் பொதுவாகச் சிகிச்சைக்குப் போவதில்லை. இதைச் சொல்ல எனக்கே தொண்டை அடைக்கும், ஆனாலும் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2023இல் பாஸ்டனில் 34 வாரக் கருவுக்கு வயிற்றுக்குள் வைத்தே அடைத்தார்கள். அது இன்னும் ஆய்வு நிலையில்தான்.

அப்புறம், இது உண்மையிலேயே கேலன் சிரைதானா, மூளை உறையில் ரத்தம் வடியும் பாதையில் வரும் ட்யூரல் சைனஸ் கோளாறா என்று கட்டாயம் கேளுங்கள். பின்னது ரத்தம் உறைந்து தானாகவே சுருங்குவதுண்டு, மூளையும் இதயமும் சரியாக இருந்தால் பல குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். கரு எக்கோ (கருவின் இதய ஸ்கேன்), எம்ஆர்ஐ இரண்டையும் பிரசவத்துக்கு நெருக்கத்தில் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி, மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், கதீட்டர் நிபுணர் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.