ஆற்றுப் பள்ளத்தாக்கின் சுவர்கள் பீடபூமியின் பழைய விளிம்பை எப்படிக் காட்டுகின்றன?

பீடபூமி என்பது சுற்றியுள்ள தரையைவிட உயர்ந்து, மேற்புறம் ஏறத்தாழச் சமதளமாகப் பரந்த நிலம். வன்னியில் கட்டுக் கட்டாத வெட்டுக்கிணற்றை எட்டிப் பார்த்தால், ஒரு சுவரில் செம்மண்ணும் அதன்கீழ்க் கிறவலும் இருக்கும் அதே வரிசை எதிர்ச்சுவரிலும் தெரியும். வெட்டுமுன் நடுவிலும் அவையே இருந்தன. அமெரிக்காவின் கிராண்ட் கன்யனில் கொலராடோ ஆற்றின் இருபுறமும் பாறை அடுக்குகள் அவ்வாறே பொருந்துவதால், அங்கே ஒரே பீடபூமி தொடர்ந்திருந்தது என்று அறிகிறோம். (அடுக்குகள் தெற்கே சற்றுச் சரிந்திருப்பதால் வடவிளிம்பு ஏறத்தாழ 300 மீற்றர் உயரம் கூடியது.) உச்சியிலுள்ள, சுமார் 27 கோடி ஆண்டு பழைமையான சுண்ணக்கல் கடினமானது, கீழுள்ள மென்பாறை தேயத் தேய, அது தாங்கலிழந்து பாளம் பாளமாக உடைந்து விழுகிறது. ஆகவே பழைய விளிம்பு இன்றைய விளிம்பைவிட ஆற்றுக்கு அண்மையில் இருந்தது. பலர் எண்ணுவதுபோல நிலம் பிளந்து இப்பள்ளம் உண்டாகவில்லை. ஆறு ஆழத்தை அறுத்தது, சரிந்த சுவர்கள் அகலத்தைத் தந்தன.