மனுவில் மகள் எங்கே?

கேள்வி: மனைவியைப் பிரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கலாம் என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. பாதி நாள் அவளை அழைத்து வருவதே இல்லை. பிரிந்த பெற்றோர் இருவருக்கும் பிள்ளையோடு சரிபாதி நேரம் தரச் சட்டம் வேண்டும் என்று அரசுக்கு மனு எழுதிக் கையெழுத்து திரட்டுகிறோம். இத்துடன் இணைத்துள்ளேன். வெளியிடுவீர்களா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: இப்போதுள்ள வடிவில் வெளியிட மாட்டேன். உங்கள் வலியை நான் சந்தேகிக்கவில்லை. காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கொடியது என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் நான்கு பக்க மனுவில் 'தந்தையின் உரிமை' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மகளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

ஐ.நா. 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவைப் படியுங்கள். பிரிந்து வாழும் தாய், தந்தை இருவரோடும் தொடர்ந்து நேரடித் தொடர்பு வைத்திருக்கும் உரிமையை அது குழந்தைக்குத்தான் தருகிறது; குழந்தையின் நலனுக்கு அது கேடு என்றால் மட்டுமே விலக்கு. தன்னைப் பற்றிய விஷயங்களில் குழந்தை சொல்வதையும் கேட்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. தவறிப்போன ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குச் சேர வேண்டியது. அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.

அடுத்தது, 'சரிபாதி'. ஆஸ்திரேலியாவில் 2006-இல், பெற்றோர் இருவருக்கும் சமப் பொறுப்பு என்ற அனுமானத்திலிருந்து நீதிமன்றம் தொடங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முடிவெடுக்கும் பொறுப்பைத்தான் அது சொன்னது. நேரத்திலும் சரிபாதி என்று பலர் புரிந்துகொண்டார்கள். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள்கூட, வேறு வழியில்லை என்று நம்பி ஆபத்தான ஏற்பாடுகளுக்குச் சம்மதிக்கிறார்கள் என்ற கவலை எழுந்தது. 2023-இல் திருத்தம் கொண்டுவந்து, 2024 மே முதல் அந்த அனுமானத்தையே நீக்கிவிட்டார்கள். இதற்கு உங்கள் மனுவில் பதில் இல்லை.

சொல்லப்போனால், உங்கள் குறைக்குப் புதுச் சட்டம் மருந்தும் அல்ல. உத்தரவு கையில் இருக்கிறது, நடக்கத்தான் இல்லை. அதை நடத்திவைக்கச் சொல்லி அரசைக் கேளுங்கள். உத்தரவை மீறினால் மாதக்கணக்கில் இழுக்காமல் சில வாரங்களில் விசாரணை. தவறிய நாளுக்கு ஈடாக வேறு நாள். பெற்றோர் இருவரும் முகம் பார்க்காமலே பிள்ளையை ஒப்படைக்க, பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் பாதுகாப்பான இடம். குடும்ப நீதிமன்றங்களில் போதிய நீதிபதிகள். இவற்றுக்குப் பணமும் ஆளும் ஒதுக்குவது அரசின் கையில் உண்டு. உங்கள் வழக்கின் தீர்ப்பை மாற்றுவது எந்த அமைச்சர் கையிலும் இல்லை.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். மூன்றாம் பக்கத்தில் மகளின் பெயரும் அவள் படிக்கும் பள்ளியும் இருக்கின்றன. பல கைகள் மாறும் தாள் அது. அவள் தோழிகள் வீட்டுக்கும் போகும். அந்த இரண்டையும் நீக்கிவிடுங்கள்; ஏற்கெனவே கொடுத்த பிரதிகளையும் திரும்ப வாங்குங்கள்.

பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கையெழுத்து கேளுங்கள். திருத்தி அனுப்பினால் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.