பட்டன் செல்லைக் கீழே வையுங்கள்

அன்புள்ள ஐயா,

உலகின் முதல் லேப்டாப் எது? எப்சன் எச்எக்ஸ்-20 என்கிறார் நண்பர், கிரிட் காம்பஸ் என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள். நான் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற பழைய மடிக்கணினி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஏஏ செல்லை மாற்றினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பழைய பேட்டரியைப் பிடுங்கிவிட்டு வாட்ச் கடை 3 வோல்ட் பட்டன் செல்லை சால்டர் செய்யப்போகிறேன்.

க.

அன்புள்ள க.,

இரண்டுமே 1982-ல் விற்பனைக்கு வந்தவை. எப்சனில் நாலு வரி, வரிக்கு 20 எழுத்து. கிரிட்டில் மக்னீசியம் உடம்பு, மடக்கும் திரை, விலை 8,150 டாலர். லேப்டாப் என்று எதைச் சொல்கிறீர்களோ அதற்கேற்பத் தீர்ப்பு மாறும். விடுங்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். அந்த பேட்டரியைப் பற்றித் தனியாகவே எழுத நினைத்திருந்தேன். எந்த தைரியத்தில் பட்டன் செல்லை எடுத்தீர்கள்?

மாடல் 100-ல் டிஸ்க் கிடையாது. கோப்பெல்லாம் ராமிலேயே கிடக்கும். சுவிட்சை அணைத்தாலும் ஏஏ செல்கள் ராமுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவற்றைக் கழற்றும்போது தாங்கிப் பிடிப்பது போர்டில் சால்டர் செய்த 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. முழு சார்ஜில் 32 கே ராமை எட்டு நாள் போலக் காக்கும், 8 கே என்றால் ஒரு மாதம். அது சார்ஜ் ஆவது ஏஏ செல்லிலிருந்தோ அடாப்டரிலிருந்தோ. அதாவது அந்த இடத்துக்கு சார்ஜ் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். சார்ஜ் செய்யக்கூடாத லித்தியம் செல்லை அங்கே வைத்தால் உப்பும், கசியும், வெடிக்கவும் செய்யும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு போட்டுத் தடுக்கலாம் என்பார்கள். எதற்கு அந்த வம்பு? ஒயர் வைத்த 3.6 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேக் கிடைக்கிறது. அதையே போடுங்கள்.

போர்டிலேயே ஒட்டாதீர்கள். இரண்டு ஒயர் இழுத்து, பெட்டிக்குள் காலியிடம் பார்த்து நுரை டேப்பில் ஒட்டுங்கள். பழையது கசிந்தால் காரத் திரவம் செம்புத் தடங்களிலேயே ஊர்ந்து போகும். பச்சைப் பொடி தெரிகிற இடத்தோடு நிற்காது, போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியிலும் அரித்திருக்கும். வினிகரைப் பஞ்சில் தொட்டு, நுரை அடங்கும்வரை துடையுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஒரு நாள் காயவிடுங்கள். தடம் அறுந்திருந்தால் மல்டிமீட்டர் சொல்லும். மெல்லிய ஒயரில் பாலம் போடுங்கள்.

பெட்டியைத் திறக்குமுன் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். நல் மோடம் (null modem) என்ற, இரண்டு கணினிகளை நேராக இணைக்கும் கேபிளில் பிசியோடு இணைத்து, உள்ளேயே இருக்கும் டெல்காம் என்ற தகவல் தொடர்பு புரோகிராமில் எஃப்3 (ஸ்டாட்) அழுத்தி 88N1E என்று வேகத்தையும் மற்ற அமைப்பையும் கொடுங்கள். 9600 வேகத்தில் போய்ச் சேரும். பிறகு எஃப்4 (டெர்ம்), கோப்பை அனுப்ப எஃப்3 (அப்). அடியில் நாலு ஸ்க்ரூ. மேல்மூடியை வெடுக்கென்று தூக்காதீர்கள், திரைக்கும் கீபோர்டுக்கும் போகும் கேபிள்கள் அதில் தொங்கும்.

திரை மங்கலா? முதலில் வலப்பக்கத்திலுள்ள கான்ட்ராஸ்ட் சக்கரத்தைத் திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பழைய எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள்மேல் சந்தேகப்படுங்கள்.

அடாப்டர் 6 வோல்ட், நடுமுனை மைனஸ். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் நடுமுனை ப்ளஸ். செருகுமுன் லேபிள் படம் பாருங்கள், ஐயா.

மாட்டியபின் அடியிலுள்ள மெமரி சுவிட்சை ஆன் செய்து, கன்ட்ரோலும் பிரேக்கும் அழுத்தியபடி பின்புற ரீசெட்டை அமுக்குங்கள். ராம் சுத்தமாகும். திரையில் ஆண்டு எப்போதும் 19 என்ற எண்ணோடுதான் தொடங்கும். மாற்ற முடியாத ரோம் (ROM) சிப்பில் அப்படி எழுதி வைத்துவிட்டார்கள், அதற்கு மருந்து தேட வேண்டாம்.

பேட்டரி இருந்த இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். எப்சனா கிரிட்டா என்று அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.