பங்கைப் பிரித்தால் முதலீடு வளருமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல ஆண்டுகளாக வைத்திருக்கும் 100 பங்குகளின் முகமதிப்பை 10 ரூபாயிலிருந்து 2 ரூபாயாகப் பிரிக்கப்போவதாக நிறுவனம் அறிவித்துள்ளது. சந்தையில் ஒரு பங்கு இப்போது 2,000 ரூபாய். பிரித்த பின் விலை ஏறும், அதற்குள் இன்னும் வாங்குங்கள் என்கிறார்கள் நண்பர்கள். நீண்டகாலம் வைத்திருப்பவருக்கு இதனால் ஆதாயம் உண்டா?
– வாசகர், பாபநாசம், தஞ்சை மாவட்டம்

பதில்: பிரிப்பினால் மட்டும் தங்களுக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. முகமதிப்பு என்பது பங்குக்கு நிறுவனம் குறித்த பெயரளவு மதிப்பு, சந்தை விலை அன்று. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கு, 2 ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாவதால் தங்கள் 100 பங்குகள் 500 ஆகும். விலை ஏறத்தாழ 400 ரூபாயாக இறங்கும். மொத்த மதிப்பு அதே 2 லட்சம்தான். ஒரு வேலி நிலத்தை 20 மாவாக வரப்பிட்டாலும் களத்துக்கு வரும் நெல் கூடுவதில்லை. நிறுவனத்தின் இலாபமும் கடனும் சொத்தும் அப்படியே இருக்க, ஒரு பங்குக்குரிய இலாபமும் விலையும் ஒரே விகிதத்தில் குறைவதால், 2,000 ரூபாயில் விலை மிகுதி என்று தோன்றிய பங்கு 400 ரூபாயில் மலிவாகிவிடாது. மலிவு என்று நம்பி ஓய்வூதியச் சேமிப்பை இதில் போடுவதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது.

நண்பர்கள் சொல்லும் விலையேற்றம் கற்பனையன்று. ஆனால் அதன் காரணம் வேறு. நியூயார்க் பங்குச் சந்தையில் 1927 முதல் 1959 வரை நடந்த 940 பிரிப்புகளை ஆராய்ந்து அமெரிக்கப் பொருளியலாளர் யூஜின் ஃபாமா உள்ளிட்ட நால்வர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்றம் பெரும்பாலும் பிரிப்புக்கு முன்பே நிகழ்ந்துவிட்டதும், அதன்பின் சராசரியாகத் தனி ஆதாயம் ஏதும் இல்லாததும் தெரியவந்தன. ஈவுத்தொகையை, அதாவது இலாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் தொகையை, உயர்த்திய நிறுவனங்களின் பங்கு விலை நிலைத்தது. குறைத்தவற்றின் விலை சரிந்தது. நன்றாக வளர்ந்து விலை உயர்ந்த நிறுவனமே பங்கைப் பிரிக்கிறது என்பதால், வளர்ச்சியின் பலன் பிரிப்பின் பலனாகத் தோன்றுகிறது. பிரிக்காமலும் விலை ஏறும்: நம் சென்னையின் டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப்.பின் ஒரு பங்கு விலை, 10 ரூபாய் முகமதிப்பை மாற்றாமலே 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சிறு தொகை கொண்டவர்களும் வாங்க முடிவதால் பிரிப்புக்குப் பின் வாங்கல் விற்றல் கூடலாம். அது சில நாள் விறுவிறுப்பைத் தரலாம். தங்களைப் போன்றவர் அதை நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை.

பிரிப்பு நடைமுறைக்கு வரும் நாளில் விலை இறங்கிக் காட்டும். புதிய பங்குகள், அவற்றை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் வரவாகச் சில நாட்கள் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் கைபேசிச் செயலி 80 விழுக்காடு நட்டம் என்று காட்டினால் பதறி விற்றுவிடாதீர்கள். ஈவுத்தொகையை முகமதிப்பின் விழுக்காடாக அறிவிக்கும் வழக்கம் இருப்பதால், 100 விழுக்காடு என்றால் முன்பு பங்குக்கு 10 ரூபாய், இனி 2 ரூபாய். பங்குகள் ஐந்து மடங்கானதால் தங்கள் கைக்கு வரும் தொகை அதே 1,000 ரூபாயாக இருக்கும்.

வரிக் கணக்கில் மட்டும் கவனம் தேவை. தாங்கள் ஒரு பங்கை 500 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், இனி ஒவ்வொன்றின் அடக்கவிலை (வரிக் கணக்கில் வாங்கிய விலையாகக் கொள்வது) 100 ரூபாய். வாங்கிய நாளாகப் பழைய நாளே தொடரும். நிறுவனம் இலவசமாகத் தரும் போனஸ் பங்குக்கு விதி வேறு: அதன் அடக்கவிலை சுழியம், வைத்திருந்த காலமும் ஒதுக்கிய நாளிலிருந்தே தொடங்கும். ஆகவே பழைய கொள்முதல் ஒப்பந்தச் சீட்டை, பங்குகளை முழுவதும் விற்று முடிக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.